பச்சை மழைக்கோட்டும் சிவப்பு மனிதர்களும்

ஏப்ரல் 29, எடின்பரோ

அன்றன்று போனில் குறித்து வைத்ததை, ஊர் திரும்பியபிறகு ஒழுங்குபடுத்தி நாளுக்கு ஒன்றாகப் போடுகிறேன். மழைக்கோட்டு இப்போது குளியலறை வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்பது நாளைய பதிவில் வரும்.

அலுவலக வேலையாக மூன்று மாதம் லீட்ஸில் இருக்கிறேன். ஐந்து நாள் லீவு சேர்ந்தாற்போலக் கிடைத்தது. பக்கத்து மேஜைப் பையன்தான் கிளப்பிவிட்டான். "எடின்பரோவுக்குப் போ. 30-ஆம் தேதி ராத்திரி குன்றின் மேல் உடம்பெல்லாம் சாயம் பூசிக்கொண்டு தீயோடு ஆடுவார்கள்." பண்டிகைக்குப் பெயர் பெல்டேன். மே மாதம் பிறக்கும்போது கோடையை வரவேற்பது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் கேலிக் மொழி பேசிய மக்களின் பழைய வழக்கம். மாடுகளை மேய்ச்சல் மேட்டுக்கு ஓட்டுவதற்கு முன் இரண்டு தீக்கு நடுவே நடத்திப் போவார்களாம். சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரிஷ் சொற்களஞ்சியம் ஒன்றிலேயே இந்தச் செய்தி இருக்கிறது.

லீத் பகுதியில் ஒரு வீட்டின் மாடி அறையில் தங்கினேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கதவைத் திறந்தவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, என் மழைக்கோட்டை. லீட்ஸில் பழைய துணி விற்கும் கடையில் பன்னிரண்டு பவுண்டுக்கு வாங்கிய, நல்ல வாழையிலைப் பச்சை.

"நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டா போகப்போகிறாய்?"

"ஆமாம். மழை வரும் என்றார்களே."

"அது அவர்களுடைய நிறம்."

யாருடைய நிறம் என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் கையை ஆட்டினாரே தவிர, பெயரைச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றும்போதுதான் விஷயம் வந்தது. குன்றுக்குள் வாழும் மாய மனிதர்கள் உடுத்துவது பச்சையாம். மனிதர்கள் அதை உடுத்தினால் அவர்களுக்குக் கோபம் வருமாம். அவருடைய பாட்டி காலத்தில் கல்யாணத்தில் பச்சைத் துண்டு துணிகூட இருக்காது என்றார். மே மாதத்தில் கல்யாணமே செய்யமாட்டார்களாம், அது வேறு.

நான் விடவில்லை. வாசல் மிதியடியைக் காட்டி, "ஹிப்ஸ் கால்பந்துக் குழுவின் நிறம் பச்சைதானே, நீங்கள் அவர்கள் ரசிகர் போலிருக்கிறதே?" என்றேன்.

"அதனால்தான் 1902-க்கு அப்புறம் ஸ்காட்டிஷ் கோப்பையை ஜெயிக்க 2016 வரை காத்திருந்தோம்" என்றார், சிரிக்காமலே.

சாயங்காலம் பழைய நகரத்தில் சுற்றினேன். ஊர் முழுக்கக் கறுத்த கல், கறுத்த கூரை, சாம்பல் வானம். அதன் நடுவே மெழுகுவர்த்தியும் சாம்பிராணி மாதிரியான புகைக் குச்சியும் விற்கும் ஒரு சின்னக் கடை. கல்லா பக்கத்தில் அச்சடித்த அட்டை ஒன்று, விலை இரண்டு பவுண்டு. வருஷத்தின் எட்டுப் பண்டிகைகளும் ஒவ்வொன்றுக்கான நிறங்களும் வட்டமாகப் போட்டிருந்தது. பிப்ரவரித் தொடக்கத்து இம்போல்குக்கு வெள்ளை. பனி, பால், அப்போது குட்டி போடும் ஆடுகள். வசந்தச் சமநாளுக்கு இளமஞ்சளும் வெளிர்பச்சையும். பெல்டேனுக்குச் சிவப்பு, வெள்ளை, பச்சை. அக்டோபர் கடைசியில் வரும் சாவினுக்குக் கறுப்பும் ஆரஞ்சும்.

நம்மூர் ராசிபலன் அட்டை மாதிரி இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு, "இது எத்தனை ஆயிரம் வருஷத்துப் பழக்கம்?" என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். எட்டையும் ஒரே சக்கரத்தில் சேர்த்து வைத்ததே 1950-களில்தானாம். விக்கா என்ற நவீன மாந்திரீக மதத்தைத் தொடங்கிய ஜெரால்ட் கார்ட்னரும், டிரூயிட் என்ற பழைய கெல்டியப் பூசாரிகளின் வழியை நம் காலத்தில் பின்பற்றிய ராஸ் நிக்கல்ஸும் இருந்த காலம். இலையுதிர்ச் சமநாளுக்கு 'மேபன்' என்று பெயர் வைத்தது 1970-களில் ஒரு அமெரிக்கர். "இந்த அட்டையின் நிறங்களை நானே இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்" என்றார். விற்ற பொருளைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் வியாபாரியை நான் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாடு பொரித்த மீனும் சிப்ஸும். "உப்பும் சாஸுமா?" என்று கேட்டார்கள். இந்த ஊரில் வினிகர் இல்லை, தண்ணியாக ஒரு பழுப்பு சாஸ். புளிக்கரைசலுக்குத் தூரத்து உறவு. பத்து பவுண்டுக்கு மேல் ஆனது, ஆனால் மீன் என் முழங்கை நீளம்.

ஏப்ரல் 30, கால்ட்டன் குன்று

பகலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கினேன், தூறியது.

ஏழரைக்குக் குன்றடியில் இருந்தேன். ஏறுவது பத்து நிமிஷ வேலை, நூறு மீட்டர் உயரம்தான். மேலே கிரேக்கக் கோயில் மாதிரி பன்னிரண்டு தூண்கள். நெப்போலியன் போரில் இறந்தவர்களுக்கு ஏதென்ஸின் பார்த்தெனானையே எழுப்புகிறோம் என்று 1826-ல் ஆரம்பித்து, 1829-ல் காசில்லாமல் நிறுத்தியது. 'எடின்பரோவின் அவமானம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். பாதியில் நின்ற கல்யாண மண்டபம் மாதிரி நிற்கிறது. ஆனால் தூண்களுக்கிடையில் தீப்பந்தங்கள் வந்ததும் ஆளே மாறிவிட்டது.

இந்த விழாவின் வயதையும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் தொடங்கியது. டெஸ்ட் டிப்பார்ட்மென்ட் என்ற இசைக்குழுவைச் சேர்ந்த ஆங்கஸ் ஃபர்குஹரும் நண்பர்களும், பல்கலைக்கழக நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களிடம் கேட்டறிந்து உருவாக்கினார்கள். ஆக என்னைவிட இரண்டு வயது சின்னது. இது தெரிந்தபிறகு சுவாரசியம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

முதலில் முரசு. காதுக்கு முன்னால் வயிறு அதைக் கேட்டது. அப்புறம் வெள்ளை முகமும் வெள்ளை உடையுமாகப் பெண்கள். அவர்களுக்கு நடுவே மே அரசி, மெதுவாக, யாரையும் பார்க்காமல். பக்கத்தில் நீலச் சாயம் பூசியவர்கள். இவர்கள் பெரியவர்கள், ஊர்வலத்துக்குக் காவல். அரசிக்குப் பின்னால் வருகிறவன்தான் பச்சை மனிதன், ஆனால் இன்னும் பச்சையாகவில்லை. குளிர்கால வேஷத்தில், சருகு மூட்டை மாதிரி வந்தான்.

நீலத்தைப் பார்த்ததும் எனக்குக் குழப்பம். ரயிலில் வரும்போது படித்ததில், குளிர்காலத்தைக் கொண்டுவரும் கிழவி கேலியாக்குக்குத்தான் நீல முகம். பெல்டேன் அன்று அவள் கல்லாகிவிடுவாள் என்பது கதை. இங்கே நீலத்தார் குளிரை விரட்டும் கட்சியில் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற, முகத்தில் இலை ஒட்டிய மாணவியிடம் கேட்டேன். "அந்த நீலம் வேறு, இந்த நீலம் வேறு" என்றாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை. அதுவே போதுமென்றும் தோன்றியது. எங்கள் ஊரில் சிவப்புக் கொடிக்கும் சிவப்புப் பட்டுப்புடவைக்கும் யார் விளக்கம் கேட்கிறார்கள்?

ஒன்பதரை வாக்கில் சிவப்பு வந்தது. வந்தது என்ற வார்த்தை போதாது. குன்றின் இருட்டுப் பக்கத்திலிருந்து, உடம்பில் முக்கால்வாசி துணியே இல்லாமல், தலை முதல் கால் வரை ரத்தச் சிவப்பு பூசியவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். உருண்டார்கள், ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள், கூட்டத்துக்குள் புகுந்து ஒருவர் தொப்பியைப் பிடுங்கி இன்னொருவர் தலையில் வைத்தார்கள். போனில் ஆறு டிகிரி காட்டியது. நான் மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு நடுங்குகிறேன், அவர்கள் தோளிலிருந்து ஆவி எழும்புகிறது.

சிவப்புக்கு அரசியின் ஊர்வலத்தைக் குலைக்க வேண்டும், வெள்ளை அதைத் தடுக்க வேண்டும். ஆசையும் ஒழுங்கும் என்று அட்டையில் போட்டிருந்ததை அப்போதுதான் உருவமாகப் பார்த்தேன். வெள்ளை என்றால் சாது என்று நினைத்திருந்தவனுக்கு ஒரு பாடம்: அந்தப் பெண்கள் கம்பை நீட்டி ஒரு அடி முன்னால் வைத்ததும் பத்துச் சிவப்பு ஆட்கள் புல்லில் மல்லாந்தார்கள்.

அதில் ஒருவன் பின்னால் நகர்ந்து என் மேல் வந்து மோதினான். விழாமலிருக்க என் இடது தோளைப் பிடித்தான். பிடித்த கையை எடுத்துப் பார்த்தான், என் கோட்டைப் பார்த்தான், அதுவரை ஊளையிட்டுக்கொண்டிருந்த வாயால் ரொம்ப மெல்லிய குரலில், "ஐயோ, மன்னித்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் போய்விடும் என்றுதான் சொன்னார்கள்" என்றான். மறுபடியும் ஊளையிட்டபடி ஓடிவிட்டான்.

பச்சைக் கோட்டில் ஒரு முழுக் கை. ஐந்து விரலும், உள்ளங்கை ரேகை உட்பட.

அப்புறம் மேடை. சருகு மனிதன் ஆசை தாங்காமல் அரசியைத் தொட்டுவிடுகிறான். வெள்ளைப் பெண்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். குளிர்கால உடையை ஒவ்வொன்றாக உரிக்கிறார்கள். கூட்டத்தில் சத்தமே இல்லை. அரசி உயிர் கொடுக்க, அடியிலிருந்து பச்சையாக எழுந்து ஒரு துள்ளு துள்ளினான் பாருங்கள், பாப்கார்ன் பையோடு நின்ற ஒருவர் பையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். பெரிய தீயை மூட்டினார்கள். கடைசியில் சிவப்பும் வெள்ளையும் கலந்து ஆடினார்கள். பாதிப் பேர் வெள்ளை போய் ரோஸாகி இருந்தார்கள். அட்டையில் ரோஸ் இல்லை.

மே 1, ஆர்தர் இருக்கை, அப்புறம் இன்வர்னெஸ்

மே முதல் தேதி விடியலில் ஆர்தர் இருக்கை மலைக்குப் போய்ப் புல்லிலிருக்கும் பனித்துளியால் முகம் கழுவினால் வருஷம் முழுக்க அழகாக இருக்கலாம் என்பது இந்த ஊர்ப் பழைய நம்பிக்கை. இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்தேன். மலை 251 மீட்டர், கடைசிப் பகுதி வழுக்குப் பாறை. ஐந்தரைக்கு முன்னாலேயே வெளிச்சம் வந்துவிட்டது. என்னைப் போலவே இருபது முப்பது பேர். நேற்றுச் சிவப்பாக இருந்த ஒருவர் காது மடிப்பில் மட்டும் சிவப்போடு பிளாஸ்க்கில் தேநீர் குடித்தார். எனக்கும் ஒரு மூடி கொடுத்தார். முகம் கழுவினேன். அழகு வந்ததா என்பதை அம்மாதான் சொல்லவேண்டும்.

இறங்கும் வழியில் தேங்காய் வாசனை. வெயில் பட்ட தேங்காய்த்துருவல் வாசனை, சந்தேகமே இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து நின்றேன். பக்கத்தில் இடுப்பளவு முள்புதர், முள்ளே தெரியாத அளவுக்கு மஞ்சள் பூ. கார்ஸ் என்று பெயர். கிட்டப் போய் மோந்தேன், மூக்கில் குத்தியது. ஆனால் அதேதான்: வீட்டில் தேங்காய் துருவும்போது வரும் வாசனை, ஐயாயிரம் மைல் தள்ளி ஒரு முள்செடியில். அயர்லாந்திலும் மேன் தீவிலும் மே பிறக்கும் முந்தின ராத்திரி வாசற்படியில் மஞ்சள் பூவைத்தான் போடுவார்கள். பாலும் வெண்ணெயும் திருட்டுப்போகாமலிருக்க. திருடுவது யார் என்பது, லீத் வீட்டுக்காரம்மா பெயர் சொல்லாத அதே ஆட்கள். நேற்றுக் குன்றில் எல்லா நிறமும் இருந்தது, மஞ்சள் கட்சி மட்டும் இல்லை. என் இரண்டு பவுண்டு அட்டையிலும் பெல்டேனுக்கு மஞ்சள் இல்லை.

இன்வர்னெஸுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கோட்டைக் காட்டினேன்.

"பச்சை ஆகாதா? யாருடா சொன்னது? பச்சைன்னா செழிப்பு."

"இங்கே ஆகாதாம்மா."

"கல்யாணப் பொண்ணு வெள்ளையில, கூட்டாளிங்க செவப்புல. என்ன ஊரோ. உப்புத்தண்ணியில ஊற வை. சுடுதண்ணி ஊத்தினா கறை பிடிச்சிக்கும்."

இரண்டாவதைத்தான் நான் எடின்பரோவிலேயே செய்துவிட்டேன். சொல்லவில்லை.

மே 2, பிளாக் ஐல்

தங்கிய வீட்டில் காலை உணவு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், பேச ஆள் தேடுகிறவர். ரொட்டித் துண்டுகளைத் தட்டில் அடுக்கி நீட்டினார். நான் பார்க்காமல் எடுத்தது ஒரு பக்கம் கரிந்திருந்தது. மாற்றித் தருவார் என்று பார்த்தால், "ஓ, நீதான் குதிக்க வேண்டும்" என்றார்.

கலண்டர் என்ற ஊரில் 1790-களில் அங்கிருந்த பாதிரியார் எழுதி வைத்த விஷயம் அது. மே முதல் தேதி ஊர்ப் பையன்கள் மேட்டு நிலத்தில் வட்டமாகக் குழிவெட்டி, நடுவில் விட்ட புல்தரையையே மேஜையாக்கி, தீ மூட்டி முட்டையும் பாலும் காய்ச்சிக் குடிப்பார்கள். ஓட்ஸ் மாவில் அடை மாதிரி ஒன்று சுடுவார்கள். எத்தனை பேரோ அத்தனை துண்டு. ஒரே ஒரு துண்டில் மட்டும் கரியை முழுக்கத் தேய்த்துக் கறுப்பாக்கி, எல்லாவற்றையும் ஒரு தொப்பியில் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். கறுப்பு யாருக்கு வருகிறதோ அவன் தீயை மூன்று முறை தாண்ட வேண்டும். ஒரு காலத்தில் அவனைப் பலியே கொடுத்திருப்பார்கள் என்பது அந்தப் பாதிரியாரின் ஊகம்.

இந்த ஊர்ப் பெல்டேனில் எனக்கு மிகவும் பிடித்த நிறம் இதுதான். சாயக் கடை இல்லாத ஊரில் அடுப்பிலிருந்து எடுத்த ஒரு துண்டுக் கரி, கையில் வந்தவனுக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். கரிந்த ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் கெசக் பாலத்தைத் தாண்டி, பிளாக் ஐல் தீபகற்பத்தில் இருக்கும் மன்லாக்கி கிராமத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து சாலையோரமாக நடந்தால் காட்டுக்குள் கந்தல் ஊற்று, அவர்கள் பேச்சில் 'கிளூட்டி வெல்'. கிளூட்டி என்றால் ஸ்காட்ஸ் மொழியில் துணித்துண்டு. நோய் உள்ளவர்கள் துணியை ஊற்றில் நனைத்து மரத்தில் கட்டுவார்கள். பெல்டேன் காலத்தில் கூட்டம் அதிகம். துணி மக்க மக்க நோய் போகும். இன்னொருவர் துணியை அவிழ்த்தால் அவர் நோய் நமக்கு. இந்தப் பழைய ஊற்றோடு பிற்காலத்தில் புனித போனிஃபஸ் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் கோயில் மரத்துத் தொட்டில்களும் மஞ்சள் துணிகளும் நினைவில் இருந்ததால், நிறம் நிறமாகப் பார்க்கப்போகிறோம் என்று போனேன். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பாசி நிறம். கிட்டப் போனால்தான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், பள்ளிக்கூட டை, கட்டம் போட்ட கம்பளித் துணி, ஒரு சட்டைக் கை மட்டும். ஒரு பருத்திக் கைக்குட்டை முடிச்சில் மட்டும் நீலமாக இருந்தது, தொங்கும் பகுதி முழுக்கச் சாம்பல், நுனி நூல்நூலாகப் பிரிந்து பாசி ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு நைலான் துண்டு, நேற்றுக் கடையில் வாங்கிய மாதிரி ரோஸ். எத்தனை வருஷமாகத் தொங்குகிறதோ. அதைக் கட்டியவரை நினைத்து எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. பருத்தி, கம்பளி மட்டும் கட்டுங்கள் என்று வனத்துறை கேட்டுக்கொள்கிறது. 2022 தொடக்கத்தில் யாரோ பொறுக்காமல் எல்லாத் துணியையும் அகற்றிவிட, சுற்றுவட்டாரமே கொந்தளித்திருக்கிறது.

கட்ட என்னிடம் ஒன்றுமில்லை. கோட்டைத் தொட்டுப் பார்த்தேன், பாலியஸ்டர். நூறு வருஷம் ஆனாலும் என் சளி போகாது.

திரும்பும்போது பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டேன். அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. மழை அப்போதுதான் ஒழுங்காகப் பிடித்தது. பத்து நிமிஷத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்றது, பின்னால் இரண்டு ஆட்டுக்குட்டி. ஓட்டியவர் இன்வர்னெஸ் வரும்வரை மூன்று வாக்கியம் பேசினார். "எங்கே?" என்பது முதலாவது. பாலத்தின் மேல், "உன் தோளில் யார் கை?" என்றார். சொன்னேன். "எடின்பரோ ஆட்கள்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். அது மூன்றாவது. இறங்கும்போது காசு நீட்டினேன், கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மீன் சூப் ஏழு பவுண்டு, கல்லன் ஸ்கிங்க் என்று பெயர். புகையிட்ட மீன், உருளைக்கிழங்கு, பால். முழுக்க வெள்ளை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

மே 3, இன்வர்னெஸ், லீட்ஸ்

கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசற்கதவுப் பக்கத்து மரத்தைக் காட்டினார். ரோவன். இதன் குச்சிகளைச் சிவப்பு நூலால் சிலுவையாகக் கட்டி மே பிறப்பில் மாட்டுத் தொழுவ வாசலில் வைப்பார்கள், மாட்டு வாலிலும் சிவப்பு நூல் கட்டுவார்கள். மரத்தை வெட்டவே மாட்டார்கள். கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பூக்கும், இலையுதிர் காலத்தில் சிவப்பாகக் காய்க்கும் என்றார். நான் பார்த்தபோது வெறும் துளிர். பச்சை. "இதற்கு மட்டும் பச்சை ஆகுமா?" என்று கேட்டதற்கு, "மரத்துக்கு யார் சொல்வது?" என்றார்.

லீட்ஸ் வந்து சேர இரவு ஆகிவிட்டது. கோட்டுப் பையில் கைவிட்டால் முள் குத்தியது. கார்ஸ் பூக்கொத்து, ஆர்தர் இருக்கையில் ஒடித்தது. வாடியிருந்தது, வாசனை பாதி போயிருந்தது. மேஜையில் வைத்துவிட்டு வாளியில் உப்பைப் போட்டேன்.

காலையில் அம்மா கூப்பிட்டாள்.

"கறை போச்சா?"

"சுண்டுவிரல் மட்டும் போயிருக்கும்மா."